பெரியபாளையத்தில் அணைத்த கற்பூரம்

சரி, தப்பு எல்லாம் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது என்று கேண்டீனில் வாய் கிழியப் பேசியவன் நான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் லைன் இன்சார்ஜாக இருக்கிறேன். கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. வேலை வேகமாக ஓடட்டும் என்று அதன் மேல் டேப் ஒட்டியது நான்தான். அந்த மெஷினை ஓட்டிய முனுசாமிக்கு மூன்று விரல்கள் போயின. விசாரணையில், அவனே ஒட்டினான் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

அவன் மனைவி செல்வி எங்கள் இருவரையும் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்வதற்கு மேல் எங்கள் பக்கத்தில் சத்தியம் இல்லை.

"அண்ணா, நீதான் ஒட்டினன்னு இவரு சொல்றாரு. அணைச்சி சத்தியம் பண்ணு, நான் நம்பிக்கிறேன்."

எனக்கு அது வெறும் கற்பூரம். "நான் ஒட்டல" என்று அணைத்தேன்.

செல்வி கணவனிடம் திரும்பினாள். "அம்மா முன்னால அண்ணன் பொய் சொல்லுமா? நீதான் இத்தினி நாளா என்னை ஏமாத்திக்கினு கீற."

முனுசாமி கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

அவள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "சுட்டுதாண்ணா?"

"இல்லம்மா" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சாமியை நம்புகிறவன் அதன் காலில் விழுந்தாவது அழலாம். எனக்கு முனுசாமியை விட்டால் போக்கிடமில்லை. அவன் தெருமுனை வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.