பெஞ்சில் நான், வேலிக்கு வெளியே அப்பா

காலேஜ் பேஸ்கட்பால் டீமில் நான் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாரிடம் கொடுத்தால் கூடையில் விழும் என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. ஆட்டம் தொடங்கும்போதே இறங்கினால் சொதப்புவேன். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினால் பின்னி எடுப்பேன். இன்றைக்கு இதை நானே சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் பி.டி. மேடம் சொன்னபோது கடித்துக் குதறாத குறை.

"முதல் அஞ்சு பேர்ல நீ வேணாம். உக்காந்து பாரு, அப்புறம் எறக்குறேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! உட்காரவைத்ததுகூடப் பெரிசில்லை. அப்பாதான் பிரச்சினை.

அப்பா கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு டிரைவர். சாயங்கால டிரிப்புக்கு முன்னால் திருவண்ணாமலை ஸ்டாண்டில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். மற்ற டிரைவர்கள் டீ குடிக்கப் போவார்கள். எனக்கு மேட்ச் இருந்தால் அப்பா காக்கிச் சட்டையோடு எங்கள் கிரவுண்டுக்கு ஓடி வருவார். கூடவே டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு கண்டக்டர் அண்ணன். இரண்டு பேரும் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். முதல் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதி, முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். நான் முதலிலேயே இறங்கினால்தான் அப்பா என் ஆட்டத்தைப் பார்க்க முடியும். மேடத்துக்கு இது எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. ரோஷம்.

அப்பா முதல் முறை வந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அன்று நான் முதல் ஐந்தில் இருந்தேன். பந்து என் கையில். வண்டிக்கு நேரமாகிவிட்டதே என்று கண்டக்டர் அண்ணன் பழக்கதோஷத்தில் விசிலை எடுத்து 'பீப்' என்று ஊதிவிட்டார். ரெஃப்ரிதான் ஊதினார் என்று நான் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஃப்ரி ஊதவில்லை என்பதைக் கண்ட எதிர் டீம்காரி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், மலைப் பக்கத்து ரிங்கில் போட்டுவிட்டாள். "யாருய்யா அது?" என்று ரெஃப்ரி வேலியைப் பார்த்துக் கத்தினார். "வண்டிக்குங்க சார், வண்டிக்கு" என்றார் அண்ணன் கும்பிட்டபடி. கிரவுண்டே சிரித்தது. என் மானம் போயிற்று. அப்புறம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் பெஞ்ச். சும்மா சொல்லக் கூடாது, மேடம் கண் கண்தான். எதிர் டீம் கார்டு இடது கையால் தட்டப் பயப்படுகிறாளா, எப்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கிறாள், எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. இறங்கினால் அவளை நகரவிட மாட்டேன். ஆனால் நான் எழுந்து இறங்குகிற நேரத்தில் வேலி ஓரம் காலியாக இருக்கும். நல்லா ஆடி என்ன பிரயோஜனம் என்று வயிறு எரியும்.

செமி ஃபைனலுக்கு முன்னால் மேடத்திடம் கொட்டிவிட்டேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?" என்று திட்டிவிட்டு முதல் ஐந்தில் போட்டார். அய்யோ, அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம்! கண் பாதி நேரம் வேலியில். கொடுத்த பந்தெல்லாம் ஆளில்லாத இடத்துக்குப் போனது. அப்பா நின்றுகொண்டிருக்கும்போதே மேடம் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டார். அப்பாவைப் பார்க்க முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். எடுத்தபோது அவர் போய்விட்டிருந்தார். கடைசி குவார்ட்டரில் மறுபடி இறங்கி, என்னால்தான் ஜெயித்தோம். யார் பார்த்தது?

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தார். "ஜெயிச்சுட்டீங்களாமே!"

"நீ இருக்கும்போது கேவலமா ஆடுனேன்ப்பா" என்று அழுதுவிட்டேன்.

"எனக்கோசரம் எறங்காத பாப்பா. மேடம் சொல்ற மாதிரியே உக்காரு. நான் எப்படியும் வருவேன்."

"வந்து என்னத்தப் பாப்ப? நான் உக்காந்திருக்கிறதயா?"

"ஆமா, அதுக்கென்னா இப்ப?" என்று ரசம் கேட்டார்.

ஃபைனலில் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். அப்பாவும் அண்ணனும் வந்தார்கள், பார்த்தார்கள். நேரமானதும் அண்ணன் இந்தத் தடவை ஊதவில்லை, கிளம்பலாம் என்று பையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் இறங்கினேன். கப் எங்களுக்கு.

மறுநாள் அப்பா டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா நேத்து எப்படி ஆடுச்சு?" என்று இன்னொரு டிரைவர் கேட்டார்.

"ஆடுனத எங்க பாத்தேன், அதுக்குள்ள டைம் ஆயிடுச்சு. ஆனா உக்காந்திருந்தா பாரு! பந்து போற பக்கமெல்லாம் தலை போவுது. நம்ம டீம் பொண்ணு ஒருத்தி வழுக்கி வுழுந்தா, இவ எழுந்து நின்னுட்டா. ஷூ லேஸை அவுக்குறா, கட்டுறா, திரும்ப அவுக்குறா. அவ மூஞ்சியப் பாத்துட்டே இருந்தனா, அந்தப் பக்கம் எத்தினி பாயிண்டு போச்சுன்னே எனக்குத் தெரியல."

"உக்காந்திருக்கிறதுல என்னாய்யா இருக்குது?"

"யோவ், எம் பொண்ணுய்யா அது."

"கப்பு வாங்கிட்டாங்களாமே?"

"அதுவும் வாங்குனாங்க" என்றார் அப்பா. மறுபடி ஷூ லேஸுக்கே போய்விட்டார்.

டிபன் பாக்ஸோடு பஸ் ஓரமாக நின்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது. படியில் நின்ற கண்டக்டர் அண்ணன் விசிலை வாயில் வைத்தார். என்னைப் பார்த்தார், டீக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். ஊதாமல் கையில் எடுத்துக்கொண்டார்.