மெதுவான பாட்டில் ஓடியது யார்

என் அண்ணனின் பாஸ் கிட்டார் பெட்டியைத் திறந்தால், மூடியின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். எந்த வகைப் பாட்டுக்குப் பாஸ் வாசிப்பது ரொம்பக் கஷ்டம் என்று அவனே எழுதிவைத்த பட்டியல். முதலில் ஜாஸ். அதன் கீழே ஃபங்க், மெட்டல், லத்தீன், ரெகே. ஒவ்வொன்றும் கைக்கு வந்ததும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவான். கடைசி வரியில் ‘மெதுவான பாட்டு’ என்று எழுதி, எதிரே ‘கஷ்டமே இல்லை’ என்று போட்டிருந்தான். அந்தக் கடைசி வரியால் என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அவனுக்கு வேலை லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் லிஃப்ட் மோட்டாருக்கென்று ஒரு சின்ன அறை இருக்குமே, அங்கேதான் அவன் பாதி வாழ்க்கை போயிற்று. மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கிப் போவார்கள். இவன் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஒயர் எதுவும் மாட்டாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பழகுவான். அவன் விரல் நுனியில் கிரீஸ் எது, காய்ப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாஸ் கிட்டாருக்கு நாலே கம்பி என்பதால் ஊரில் அவனுக்கு நாலுகம்பி என்று பெயர். கோபம் வந்தால் எங்கள் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள்.

யாரும் கேட்காமலே சாப்பாட்டு மேசையில் பாடம் ஆரம்பித்துவிடுவான். எனக்கு அது மனப்பாடம்.

“ஜாஸ்ல பாஸ் நடந்துக்கிட்டே இருக்கணும். அடிக்கு ஒரு சுரம், அடுத்தது எங்கன்னு அப்பப்ப முடிவு பண்ணணும். யோசிச்சு நின்னா செத்தோம். ஃபங்க்னா கட்டைவிரலால கம்பிய அறையணும், ஆள்காட்டி விரலால பிடுங்கணும். இதோ பாரு, தோல் உரிஞ்சிருக்கு. மெட்டலுக்கு மூணு விரலும் குதிரை மாதிரி ஓடணும். லத்தீன்ல எல்லாரும் ஒண்ணாவது அடியில இறங்குவாங்க, பாஸ் மட்டும் அதுக்கு முன்னாடியே இறங்கிடும். ரெகேல வாசிக்கிறதவிட வாசிக்காம விடற இடம்தான் கஷ்டம்.”

“அப்ப மெதுவான பாட்டு?” என்று நான் வாயைக் கிளறுவேன்.

“அதுல என்ன இருக்கு? ஒரு சுரத்த அடிச்சுட்டு, போய் டீ குடிச்சுட்டு வந்து அடுத்தத அடிக்கலாம்.”

நான் சிரிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் சிரிக்க மாட்டார். ஒரே ஒரு தடவை, “மச்சான், அந்த டீ குடிக்கிற நேரம்தான் கஷ்டம்” என்றார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் பாஸ் வாசித்த இசைக்குழுவில் அவர் டிரம்ஸ் வாசித்தவர். பகலில் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை. அண்ணன்தான் அவரை முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தான், அப்படித்தான் எங்கள் கல்யாணம் கூடியது. வாய் திறந்து பேசாத மனிதர். ஆனால் விரல் சும்மா இருக்காது. மேசை, சர்க்கரை டப்பா, பஸ் இருக்கை, என் முதுகு, எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டிருப்பார். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால் அவர் தட்டினால்தான் தூங்குவாள். நான் தட்டினால் இன்னும் கத்துவாள்.

மகளுக்கு மூன்று வயதாகும்போது பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒரு வருஷம் வாசிக்கக் குழு தேடினார்கள். நாலு பாட்டு பதிவு செய்து கொடுக்கச் சொன்னார்கள். கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் ஒரு நாளைக்கு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். மூன்று பாட்டு சுலபமாக முடிந்தது. ஜாஸில் அண்ணன் பிரமாதமாக வாசித்தானாம். நாலாவது, மெதுவான பாட்டு. ஐந்து நிமிடம் வர வேண்டியது நாலு நிமிடம் முப்பத்தைந்து விநாடியில் முடிந்தது. மறுபடி வாசித்தார்கள், மறுபடியும் அப்படியே. ஆறு தடவை வாசித்தும் பாட்டு போகப் போக வேகம் பிடித்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “யாருப்பா ஓடறது?” என்று கேட்டார்.

“டிரம்ஸ்தான் மாஸ்டர். நான் அவனோடதான் போறேன்” என்றான் அண்ணன்.

அவன் பொய் சொல்லவில்லை. ஜாஸுக்கே டிக் போட்டவன், பச்சைக் குழந்தைகூட வாசித்துவிடுகிற பாட்டில் தப்புவானா என்று அவனுக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை. மாஸ்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருக்கலாம்” என்றார். இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் டிரம்ஸுக்குப் பதிலாகத் தானே தாளம் அடிக்கும் ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். அது யார் இழுத்தாலும் கூட வராது, அதனால் அண்ணனும் அதோடு கட்டுப்பட்டு வாசித்தான். பாட்டு சரியாக ஐந்து நிமிடத்தில் முடிந்தது. டிரம்ஸ் ஆளை எடுத்தோம், கோளாறு தீர்ந்தது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “நிஜமாவே இவருதானா?” என்று கேட்டேன். “நான் உன்கிட்ட பொய் சொல்வேனா?” என்றான். நான் வீட்டுக்கு வந்து, “விடுங்க, எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா?” என்று கணவருக்கு ஆறுதல் சொன்னேன். அதற்கு ஆறுதல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

டிரம்ஸை ஒரு பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டு போயிற்று. அவர் விரல் நின்றுவிட்டது. மேசை சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மகளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியில் டிரம்ஸ் வகுப்பு ஆரம்பித்தார்கள். படிவத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போடவில்லை.

“நம்ம ரத்தத்துல தாளம் இல்லடா பாப்பா. நாலு பேர் முன்னாடி அப்பா பட்ட அசிங்கம் உனக்கு வேண்டாம்.”

குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் படிவத்தை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினேன். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் அவள் மேசையைத் தட்டுவாள். “சும்மா இருடி” என்று அதட்டி அதட்டி அதையும் நிறுத்தினேன். இப்போது வெளியூரில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரும்.

இந்த வருஷம் ஸ்டுடியோக்காரர் கடையை மூடினார். மூடும் முன் பழைய பதிவுகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி அந்தந்தக் குழுவுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருந்தது. அண்ணன் ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தான். தான் வாசித்த ஜாஸைக் கேட்டுப் பெருமைப்படலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறான். பிறகு மெதுவான பாட்டைப் போட்டான். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, பாஸையும் டிரம்ஸையும் மட்டும் கேட்டான்.

அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். உட்கார்ந்தான், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினான், பையைத் திறக்காமலே எழுந்து போனான். நாலாவது வாரம் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். “அண்ணா, மென்னு முழுங்காம சொல்லிட்டுப் போ” என்றேன்.

அவன் திரும்பி வந்து என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

“மாப்பிள்ளை, ஓடினது நான்.”

“எங்க?” என்றார் அவர். கையில் செய்தித்தாள் இருந்தது.

“அந்த நாலாவது பாட்டுல.”

ஸ்பீக்கரை வைத்துப் போட்டுக் காட்டினான். “கேளு. என் சுரம் முன்னாடியே வந்து விழுது பாரு. நீ இழுத்துப் பிடிக்கற. ரெண்டு அடி, மூணு அடி பிடிக்கற. அப்புறம் பாட்டு ரெண்டா உடைஞ்சுடக் கூடாதுன்னு நீயும் கூட வந்துடற. நான் மறுபடியும் ஓடறேன். ஆறு தடவையும் இதேதான். காலமெல்லாம் லிஃப்ட்டுக்கு பிரேக் மாட்டினவன் நான். பிரேக் மேல பழியப் போட்டு அதைக் கழட்டி எறிஞ்சுட்டேன்.”

எனக்குச் சங்கீதம் தெரியாது. எனக்கே கேட்டது. அண்ணனின் சுரம் அவசரக்காரன் பஸ்ஸில் ஏறுவதுபோல் முந்தி முந்தி விழுந்தது. டிரம்ஸ் நிதானமாகப் பின்னால் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். உன் பட்டியலக் கொண்டு போய் அடுப்புல போடு” என்று ஆரம்பித்து, ஒரு தங்கை அண்ணனிடம் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அந்தக் காகிதத்தக் கிழிச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னான். சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது, இதில் பாதித் திட்டு எனக்குச் சேர வேண்டியது. பக்கத்திலேயே படுத்து எழுந்த மனிதரை நம்பாமல் அண்ணன் வாயை நம்பியவள் நான்தானே.

கணவர் செய்தித்தாளை மடித்துவைத்தார். “இன்னொரு தடவ போடு” என்றார். முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல், “நல்லாத்தான் பிடிச்சிருக்கான்” என்றார். அண்ணன் அழுதான். இவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஆகப் போகிறது.

“பாப்பாகிட்ட யார் சொல்றது?” என்றார்.

போன் அடித்தது. அவர் அதை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறவனுக்கு அன்று வாய் எழவில்லை. “ஹலோ, அப்பா?” என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் போனை வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். “உங்க அப்பா தாளம் தப்பவே இல்லடி. உனக்கும் இருந்திருக்கும். நாங்கதான் படிவத்த உள்ள போட்டு மூடிட்டோம்” என்றேன்.



“எனக்கு முப்பத்தொண்ணு ஆயிடுச்சும்மா” என்றாள்.