வலது பக்கம் மந்தம்

முதலில் கை கழுவியாக வேண்டும். கடையின் பின்புறத் தொட்டியில் முழங்கை வரை சோப்பு போட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் கிரீஸைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொள்கிறார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைக்கிறார். "கண்ணாடிக் காம்பு நடுவுல நின்னா காதுக்கும் ஹெட்ஃபோன் மெத்தைக்கும் சந்து விழுந்துடும் தங்கச்சி. அந்தச் சந்து வழியா பாதிச் சத்தம் ஓடிப்போயிடும்" என்கிறார். விற்பனைப் பெண் இதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறாளோ. "ஓடாம நான் பிடிச்சுக்கறேன். நீங்க உட்காருங்கண்ணே" என்கிறாள்.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்த இரண்டாம் மாடி ஹெட்ஃபோன் கடையில் நடக்கும் காட்சி இது. அங்கே இருப்பவை எல்லாம் தொட்டுப் பார்க்கவே யோசிக்க வைக்கும் விலை. கை கழுவி வருபவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, இருபத்தெட்டு வருஷ அனுபவம். கடையில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். பெயரைக் கேட்டு முறம் போன்ற காதுகளைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தலையோடு ஒட்டிக்கொண்ட சின்னக் காதுகள்தான். உடம்புதான் பெரிது. கேட்கும் அறையில் இருக்கும் இரண்டு நாற்காலிகளில் கைப்பிடி இல்லாதது அவருக்கென்றே போடப்பட்டது.

ஆறு வருஷமாக வருகிறார், ஒன்றுகூட வாங்கியதில்லை. ஒருமுறை முதலாளி வாய்விட்டே கேட்டுவிட்டார். "வாங்கிட்டா ஒண்ணைத்தானே முதலாளி கேட்க முடியும்? வாங்காத வரைக்கும் எல்லாமே என்னோடதுதான்" என்று பதில் வந்தது. முதலாளி அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காததற்கு வேறு காரணமும் உண்டு. வாங்க வருகிறவர்கள் கேட்கும் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "அவர் எதைச் சொன்னார்?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் சொல்வதும் சும்மா இருக்காது. "இது போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே பேசுது." "இது பேசல, கத்துது." விலையில் முதலிடத்தில் இருந்த ஒன்றைக் கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "இது என் மாமியார் மாதிரி. ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லுது, ஆனா கூட உட்கார முடியல" என்றார். அது அடுத்த வாரமே ஒரு வக்கீலுக்கு விற்றுப்போனது.

மற்றவர்கள் சோதித்துப் பார்க்கப் பாட்டு கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவருவது லிஃப்ட். தாயத்து போல் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவில் ஏழு நிமிஷ ஒலிப்பதிவு இருக்கிறது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், இரண்டு மைக் வைத்து அவரே எடுத்தது. இடது பக்கம் மோட்டார் உறுமும். வலது பக்கம், ஒவ்வொரு மாடி தாண்டும்போதும் சுவிட்ச் பெட்டி 'டக்' என்று ஒரு சொடுக்குப் போடும். ஐந்தாம் மாடியில் யாரோ இருமுவார்கள். "பாட்டு பொய் சொல்லும் தங்கச்சி, லிஃப்ட் சொல்லாது" என்பார். வெளியிலும் அப்படித்தான். பேரிங் தேய்ந்திருக்கிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறக்காமலே காதால் சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது.

யாராவது அவசரக்காரர் ஹெட்ஃபோனைக் கோணலாக மாட்டிக்கொண்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினால், காதுக்காரருக்குக் கொண்டாட்டம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். கடையே சிரிக்கும்.

கதை இங்கேதான் கொஞ்சம் கோணியது. போன மாதம் புது ஹெட்ஃபோன் ஒன்று வந்தது. மரக்கிண்ணமும் தோல் மெத்தையுமாக, பார்த்தாலே மாட்டிக்கொள்ளத் தோன்றும் சாதனம். பெரிய பேர் இல்லாத ஒரு சின்னக் கம்பெனி செய்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்து வாங்க வைத்தவள் விற்பனைப் பெண். "உன் பேச்சைக் கேட்டு முதல் தடவையா எடுத்திருக்கேன். இது தேறினா, இனிமே சரக்கு எடுக்கறது உன் பொறுப்பு. தேறலைன்னா நீ கவுன்ட்டரைப் பார்த்துக்கிட்டா போதும்" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

காதுக்காரர் அதைக் கேட்டார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். மறுபடி கேட்டார். பிறகு தன் வழக்கப்படி மஞ்சள் ஒட்டுச்சீட்டில் மூன்றே வார்த்தை எழுதிக் கொடுத்தார்: 'வலது பக்கம் மந்தம்'. முதலாளி அதை வாங்கிப் பெட்டிமேல் ஒட்டிவிட்டார். கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான், அப்பீல் கிடையாது.

"நான் கேட்டேண்ணே. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள், மெல்ல.

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியை எடுத்துவிட்டார். கடையும் வழக்கம்போல் சிரித்தது. அவள் மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு முந்தின வாரமும் வேறொரு ஹெட்ஃபோனில் சத்தம் இடது பக்கம் சாய்வதாகச் சொல்லியிருந்தார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. "இந்த வருஷம் கம்பெனிக்காரங்க எல்லாருமே வலது பக்கத்துல கஞ்சத்தனம் பண்றாங்க" என்று அவரே அதற்கு விளக்கமும் கொடுத்திருந்தார்.

உறைக்க வைத்தவர் வீட்டம்மா. செவ்வாய்க்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே வலது பக்கம் நின்று ஏதோ சொல்லியிருக்கிறார். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரெண்டு மாசமா பார்க்கறேன். இந்தப் பக்கம் நின்னு சொன்னா மட்டும் எதுவும் ஏற மாட்டேங்குது. வேணும்னே பண்றீங்கன்னுல்ல நினைச்சேன்!"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். புதன்கிழமை வேலைக்குப் போன இடத்தில், காவலாளி "டக்டக்குனு அடிக்குதே, கேட்கலையா?" என்று மேலே கையைக் காட்டினார். இவர் தலையைத் திருப்பிய பிறகுதான் அது கேட்டது. கேட்டதும், அந்த மரக்கிண்ணங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்கு அவர் வரவில்லை. ஐந்தரைக்கு வந்தார். திருப்பி அனுப்பும் பெட்டிகளை எடுத்துப்போக கூரியர் ஆறு மணிக்கு வருவான். பெட்டி கவுன்ட்டரில் தயாராக இருந்தது. அதன்மேல் அவர் கையெழுத்து மஞ்சளாகச் சிரித்தது.

"இதை ஒருதரம் பிரிக்க முடியுமா தங்கச்சி?"

"எதுக்குண்ணே? அதான் எழுதிக் கொடுத்துட்டீங்களே" என்றாள். ஆனாலும் பிரித்துக் கொடுத்தாள்.

கை கழுவினார். கண்ணாடியைக் கழற்றினார். வழக்கம்போல் மாட்டிக் கேட்டார். மோட்டார் கணீரென்று உறுமியது, வலது பக்கத்து 'டக்' பஞ்சில் விழுந்தது போல் அமுங்கியது. பிறகு, எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தும் தான் ஒருநாளும் செய்து பார்க்காத காரியத்தைச் செய்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி இடவலமாகத் திருப்பி மாட்டிக்கொண்டார். வலது கிண்ணம் இப்போது இடது காதில். குற்றம் கிண்ணத்தில் என்றால் 'டக்' இன்னும் மந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

டக்.

சொடுக்குப் போட்டால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, நாலாம் மாடி. ஐந்தில் அந்த இருமல். இப்போது மோட்டார்தான் வலது காதில் மங்கிக் கிடந்தது. ஒன்பதாம் மாடி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார்.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டி ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். காதுக்காரருக்குக் காது போயிற்று என்று வெளியே தெரிந்தால், நாளைக்கு எந்தக் கட்டடத்தில் லிஃப்டைத் தொட விடுவார்கள்? அவர் நிஜமாகவே பயந்தார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். விற்பனைப் பெண் கூரியர் சீட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாக, எதையோ தள்ளிப்போடுகிறவள் போல்.

"முதலாளி!" என்று கூப்பிட்ட குரல், அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். "ஆடத் தெரியாதவ யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"நான்தான். கூடம் நேராத்தான் இருக்கு. தங்கச்சி சரியாத்தான் கேட்டிருக்கு. இதை அனுப்பாதீங்க."

முதலாளி பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்போ உங்க காது?"

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறேன். அழுக்கா, வயசான்னு அவர் சொல்லட்டும். அது வரைக்கும் யாரும் என் பேச்சைக் கேட்டு எதையும் வாங்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். தங்கச்சியைக் கேளுங்க."

அவள் கூரியர் சீட்டை நாலாகக் கிழித்தாள். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காதுக்காரர் ஹெட்ஃபோனைக் கைக்குட்டையால் துடைத்து அவளிடம் கொடுத்தார். பெட்டியின் மேலிருந்த மஞ்சள் சீட்டை நகத்தால் ஓரம் கிளப்பி, கிழியாமல் உரித்தார். பிறகு அதைத் தன் வலது காதின் மேலேயே வைத்து, விழுந்துவிடாதபடி கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டிக்கொண்டார்.