ஹவில்தாரின் லீவும் என் டியூட்டியும்

போன வாரம் பேத்திக்கு டயப்பர் வாங்கப் போனேன். காரைக்கால் கடைகளில் இப்போது அதற்கென்றே ஒரு சுவரை ஒதுக்கிவிட்டார்கள். எதை எடுப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கடைப்பெண் ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். "தொட்டுப் பாருங்கம்மா, எவ்வளவு மெத்துனு இருக்கு." தொட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்துடிச்சு" என்றேன். டயப்பரைத் தொட்டுப் புருஷனை நினைத்துக்கொள்ளும் கிழவியை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள், பாவம்.

என் மகள் பிறந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது ஏது இதெல்லாம்? அவள் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, முக்கோணமாகத் தைத்து, இடுப்பில் கட்டிவிடுவோம். துவைக்கத் துவைக்க அது வெண்ணெயாகக் குழைந்துவிடும். நெரவியில் எங்கள் கொல்லைக் கொடியில் அந்த முக்கோணத் துணிகள் ஒரு பக்கம் காயும், என் வெள்ளைச் சேலைகள் இன்னொரு பக்கம் காயும். நான் காரைக்காலில் ஆஸ்பத்திரி நர்ஸ். பிள்ளையை எதிர்வீட்டுச் செல்வி அக்காவிடம் விட்டுவிட்டு, இடுப்பில் செருகிய சேலையும் கையில் தொப்பியுமாக பஸ்ஸுக்கு ஓடுவேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அது கூட்டத்தில் அப்பளமாகிவிடும்.

அந்தத் தொப்பி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கஞ்சி போட வேண்டும். எனக்குக் கஞ்சி போடும் கை கிடையாது. நான் போட்ட தொப்பி பத்து மணிக்கெல்லாம் வாடிய கீரையாகத் தொங்கும். எங்கள் ஹெட் சிஸ்டர் அதைப் பார்த்து, "என்னடி, உன் தொப்பிக்கு காய்ச்சலா?" என்பார்.

கஞ்சி விஷயத்தில் மன்னர் என் வீட்டுக்காரர்தான். ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே எங்கோ குளிரில் இருந்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வருவார். வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் என் சேலைகளைத்தான் பார்ப்பார். "சோத்துக் கஞ்சியா போடுற? இது மாட்டுக்கு ஊத்துறது" என்று ஜவ்வரிசி காய்ச்சி, வடிகட்டி, நீலம் கலந்து, அரை ஈரத்தில் கரிப்பெட்டியால் தேய்ப்பார். அவர் கைபட்ட சேலை ஆள் இல்லாமலே நிற்கும். ஜவ்வரிசி காயும் வாசனையும் கரிப்புகையும் வீட்டில் எழுந்தால் எனக்கு அவர் லீவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பொய் சொல்வானேன், மனசெல்லாம் பூரித்துப்போகும்.

ஆனால் அந்த வருஷ லீவில் அவர் ஒரு குண்டோடு வந்து இறங்கினார். "குவார்ட்டர்ஸ் கிடைச்சிடுச்சு. வேலையை விட்டுட்டுப் புள்ளயத் தூக்கிக்கிட்டு கிளம்பு."

எனக்கும் அவரோடு இருக்க ஆசை இல்லாமலா? ஆனால் அந்த வேலைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வெள்ளைச் சேலை கட்டி வெளியே வந்த முதல் பெண் நான். மாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. ராணுவக்காரர் அல்லவா, முற்றுகை போட்டார். நான் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். "பாத்துக்க, உங்கம்மா போறா. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவளா இருப்பா?" என்று பத்து மாதக் குழந்தையிடம் நியாயம் கேட்பார். அதுவும் சமயம் பார்த்து உதட்டைப் பிதுக்கும்.

"லீவு முடியுற வரைக்கும் புள்ளய நீங்களே பாத்துக்குங்க. அப்புறம் பேசுவோம்" என்று நானும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் காலை பிரசவ வார்டில் நான் டெம்பரேச்சர் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வீறிடும் சத்தம். எத்தனை குழந்தைகள் அழுதாலும் தாய்க்குத் தன் பிள்ளை குரல் தெரியுமே. ஓடினேன். அவர் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறார். கையில் மகள் வில்லாக வளைந்து கத்துகிறாள்.

"காலையில குளிப்பாட்டுனதுலேர்ந்து அழுவுறா. உக்கார வச்சா அழுவுறா, படுக்க வச்சா அழுவுறா. நான் அப்பவே சொன்னன்ல? தாய் இல்லாத வீட்டுல புள்ள இப்புடித்தான்!"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சொன்னதுதான் சரியோ என்று அப்போது நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். இன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வருவதற்குள் வார்டே வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டது. "உரம் விழுந்திருக்கும், முறத்துல போட்டு ஆட்டுங்க" என்றாள் முதல் கட்டில்காரி. "தொக்கம்தான், தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு. போலகத்துல ஒரு ஆளு ஊதி எடுப்பாரு" என்றாள் அடுத்தவள். திருஷ்டி என்றாள் மூன்றாமவள். ஹெட் சிஸ்டர் இவற்றையெல்லாம் ஒரு முறைப்பில் அடக்கிவிட்டு, "வயிறு உப்பியிருக்கா பாரு" என்றார்.

வயிற்றைப் பார்க்கப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டேன். சரசரவென்று ஒரு சத்தம். இடுப்புத்துணி! ஜவ்வரிசிக் கஞ்சியில் தோய்த்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து, மூன்று முனையும் கத்தியாக நிற்கிறது. அவிழ்த்தேன். தொடை இரண்டும் சிவந்திருந்தன. அவிழ்த்த நிமிஷம் அழுகை நின்றது. துணியை மேசைமேல் வைத்தேன். கூடாரமாக நின்றது.

"இதுக்கு யாருங்க கஞ்சி போட்டது?" என்றார் ஹெட் சிஸ்டர்.

"துணின்னா அயர்ன் இருக்கணுங்களே, சிஸ்டர்" என்றார் ஹவில்தார், விறைப்பாக நின்றபடி.

தையல் போட்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று கெஞ்சினார்கள். நானும் சிரித்தேன். பயம் விட்டுப் போன சிரிப்பு, கண்ணீரும் கூடவே வந்தது. அதற்குள் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பிரசவ கேஸை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேங்காய் எண்ணெயைத் தடவி, அம்மணப் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

டியூட்டி முடியும்வரை அவர் வராந்தாவை விட்டு நகரவில்லை. திரும்பும் பஸ்ஸில் பிள்ளையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். நெரவி நெருங்கும்போது கேட்டார்: "அந்த வார்டுல ஒனக்குக் கீழ எத்தன கட்டிலு?"

"முப்பது இருக்கும்."

"எனக்குக் கீழ பத்து பேருதான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "குவார்ட்டர்ஸ் வேணாம்னு எழுதிடுறேன். நீ இங்கயே இரு" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். லீவு முடிந்து அவரை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, ஜெயித்ததற்காக விடியவிடிய அழுதேன். அதன் பிறகும் எங்கள் குடும்ப வாழ்க்கை லீவு லீவாகத்தான் நடந்தது. ஒரே கூரையின் கீழே நிரந்தரமாக இருக்க அவர் ஓய்வு பெற்று வர வேண்டியிருந்தது. வந்த பிறகு சமைத்து, டிபன் கட்டி, "மணியாச்சு கிளம்பு, ஆஸ்பத்திரி ஒனக்காவக் காத்திருக்குமா?" என்று என்னை விரட்டியதும் அதே மனுஷர்தான்.

நான் ரிட்டையராகிப் பல வருஷமாகிறது. அவர் போய் மூன்று வருஷம். இன்றும் காலையில் பழக்கதோஷத்தில் சீக்கிரமாகவே எழுந்து குளித்துவிடுகிறேன். போவதற்கு டியூட்டி இல்லை. போகாதே என்று வாசலை மறிக்கவும் ஆள் இல்லை.