ஏற்றத்துக்கு கியர் இருக்கிறது... இறக்கத்துக்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால். திருவனந்தபுரத்தில் என் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் இறக்கத்தில், இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு சைக்கிளோடு நின்றிருந்தேன். முன்னால், இரண்டு முழ தூரத்தில் ஒரு பஸ். பின்னால், இரண்டாம் வகுப்பு தாரிணி.

"அம்மா, ஏன் நிறுத்தின? நேரமாயி..." என்கிறாள் அவள்.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஸ்கூல் வேன் எங்கள் சந்துக்குள் வருவதை நிறுத்திவிட்டது. கணவருக்கு ஊர்க்கோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில் வேலை. ஏழரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். ஸ்கூட்டர் என்றால் எனக்குப் பயம் — அது பாட்டுக்குப் பாய்ந்துவிடுமோ என்று. ஆக, சைக்கிள். பின்னால் குழந்தை, முன் கூடையில் புத்தகப் பை. இதில் என்ன கஷ்டம்?

கடைக்குப் போனேன். நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். இந்த ஊரிலோ பால் வாங்கப் போனாலும் ஓர் ஏற்றம். அதனால் எந்த வண்டியைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்டேன் — "இது மேட்டுல ஏறுமா?"

கடைக்காரர் பொறுமைசாலி. "சேச்சி, கியர் ஏழுண்டு. எந்தக் கயற்றமும் ஏறும், கேட்டோ" என்றார். குழந்தைக்குத் தனி சீட், பெல்ட், கால் சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பு... எல்லாம் பார்த்துப் பார்த்து மாட்டச் சொன்னேன்.

"மோளையும் வச்சு ஒண்ணு ஓட்டி நோக்குங்க சேச்சி. பிரேக் அறியணுமே" என்று தாரிணியைக் காட்டினார்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று கிளம்பிவிட்டேன். என் புத்தி!

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கணவரும் வந்தார். சங்குமுகம் கடற்கரை ரோட்டில் மூவருமாக ஒரு சவாரி. சமதளம், நல்ல காற்று. தாரிணி பாடிக்கொண்டே வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கள் மழை. செவ்வாய்தான் முதல் ஸ்கூல் சவாரி.

ஏற்றத்தில் கியர் சொன்னபடி கேட்டது. அப்புறம் வந்தது இறக்கம். நான், குழந்தை, பை — எல்லா எடையும் சேர்ந்து வண்டியைத் தள்ளுகிறது. ரோடு வேறு ஈரம். பிரேக்கை அழுத்துகிறேன்... வேகம் குறைகிறதே தவிர, வண்டி நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஓரத்தில் மகளின் சிநேகிதி ஒருத்தி. "கௌரீ!" என்று தாரிணி முழு உடம்போடு சாய்ந்து கையாட்ட, சைக்கிள் தள்ளாடி பஸ்ஸின் முதுகை நோக்கி ஓடியது. செருப்பைத் தேய்த்து நிறுத்தினேன். எப்படி நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் கை காணிச்சதுக்கு என்னம்மா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். குழந்தை கையாட்டத்தான் செய்யும். அதையும் சேர்த்து யோசித்து வண்டி வாங்கியிருக்க வேண்டியது நான்.

அன்று மாலையே கடைக்கு ஓடி, டிஸ்க் பிரேக் வண்டியாக மாற்றிக்கொண்டேன். இந்த முறை மகளையும் பையையும் வைத்தே ஓட்டிப் பார்த்தேன். பிடித்த இடத்தில் நிற்கிறது. ஆனால் என் பயம் மட்டும் நிற்கவில்லை. தூக்கத்தில்கூட அந்த பஸ் வருகிறது.

யோசித்துப் பார்த்தால் வீடு, வேலை, பெரிய ஸ்கூல்... எதை எடுத்தாலும் நாம் 'ஏற முடியுமா' என்றுதான் விசாரிக்கிறோம். இறங்கும்போது என்ன செய்வது என்று யார் கேட்கிறோம்?

ஊரே ஏற்றத்தில் இறங்கித் தள்ளும். நான் ஏற்றத்தில் மிதித்து ஏறிவிட்டு, இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறேன். நேற்று ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "எந்து பற்றி? செயின் போயோ?" என்று, வண்டிக்கு என்ன ஆயிற்றோ என அக்கறையாக விசாரித்தார்.

சீட்டிலிருந்து முணுமுணுப்பு. "அம்மா, பிரெண்ட்ஸ் எல்லாம் நோக்குறாங்க. எனக்கு நாணக்கேடா இருக்கு."

இருக்கட்டும். முட்டி இரண்டும் முழுசாக வீடு வந்து சேருகிறதே!