வாசல் தாண்டிய டுரியான்

சாலாக் செலாத்தானில் கன்னையா வீட்டுக் கொல்லையில் ஒரு டுரியான் மரம் நின்றது. ஊரே நாக்கில் எச்சில் ஊறப் பார்க்கும் மரம். கன்னையாவுக்கோ அந்த வாடையே ஆகாது. ரயில்வேயில் நாளெல்லாம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஒரு பழம் வெடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வருவார். விழுந்ததெல்லாம் பக்கத்து வீட்டு மலாய்க்காரி மக் லீமாவுக்குத்தான் போகும். கன்னையாவின் மனைவி புஷ்பவல்லிக்கு டுரியான் என்றால் உயிர். மக் லீமா வீட்டில் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வருவாள். அப்படியும் கண்டுபிடித்துத் திட்டுவார்.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். கன்னையாவையும் லோரியில் ஏற்றினார்கள்.

"டுரியான் விழுறதுக்குள்ள வந்துடுவேன். நான் இல்லன்னு அந்த நாத்தத்த வீட்டுக்குள்ள ஏத்திடாத புள்ள."

"ஏத்த மாட்டேன். போயிட்டு வாங்க."

டுரியான் விழுந்தது. அவர் வரவில்லை.

அரிசி கண்ணில் படாத காலம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். மரமோ பொல்லாத வேளை பார்த்துக் கொட்டித் தீர்த்தது. மக் லீமாதான் வழி சொன்னாள். சுளையை வழித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, ஜாடியில் அமுக்கி மூடினால் புளித்துத் தெம்போயாவாகும். மிளகாயோடு அரைத்தால் மாதக்கணக்கில் கிழங்குக்குத் துணை. பண்டமாரானில் இருந்த தம்பியிடம் அவளே உப்பும் வாங்கித் தந்தாள்.

கொடுத்த வாக்குக்காகப் புஷ்பவல்லி ஜாடியைக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தாள். குரங்குகள் உருட்டி உடைத்துவிட்டன. மழைக்காலம் முழுக்க வெறும் கிழங்கைத் தின்று இளைத்தாள். வருகிறவனுக்குப் பெண்டாட்டி வேண்டுமா, வாடையில்லாத வீடு வேண்டுமா என்று மக் லீமா மலாயில் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த பருவமும் வந்தது. புஷ்பவல்லி நிறைந்த ஜாடியோடு வாசலில் வெகுநேரம் நின்றாள். உள்ளே வைத்துவிட்டால், அவர் வரமாட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே என்று தயங்கினாள். பசி விடவில்லை. வைத்தாள். ஆனால் பெட்டியிலிருந்த அவருடைய சட்டையை எடுத்துக்கொண்டு போய் மக் லீமாவிடம் கொடுத்தாள்.

"இதுல டுரியான் வாடை ஏறக்கூடாது, மக். துவைக்காம வைங்க."

அந்தச் சட்டையை முகர்ந்து பார்ப்பதற்காகவே அடிக்கடி அங்கே போனாள். அவருடைய வியர்வை வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

சயாமிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஜாடி கொல்லைக்குப் போய்விடும். எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீரால் வீடு கழுவப்படும். ஒவ்வொரு தடவையும் வந்தது வேறு யாரோ. பொழுது சாய்ந்ததும் ஜாடி உள்ளே திரும்பும்.

சண்டை ஓய்ந்து, நாற்பத்தைந்தின் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவர் வந்து நின்றார். கன்னையாதான். அன்றைக்குப் பார்த்து ஜாடி அடுப்படியில் திறந்திருந்தது. புஷ்பவல்லி அழக்கூட இல்லை. ஓடிப்போய் ஜாடியை மூடினாள்.

"கோவிச்சுக்காதீங்க. பசி தாங்கல. இப்பவே கொல்லையில வச்சிர்றேன்."

"என்னது அது?"

"டுரியான்."

"திங்கிறதுதானே? போடு."

கிழங்கோடு வைத்துக் கொடுத்தாள். தலை நிமிராமல் தின்று, தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார். மூக்கு சுளிக்கவே இல்லை. புஷ்பவல்லிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மக் லீமா கொண்டுவந்த சட்டையை மாட்டிவிட்டாள். தோளில் நிற்காமல் நழுவியது.

சாயங்காலம் ஜாடியிலிருந்து ஒரு விரல் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். கொப்பளிக்காமல் போய் அவரை ஒட்டி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேச்சுக் கொடுத்தாள். ஒரே ஒரு திட்டு விழாதா என்று காத்திருந்தாள்.

"இன்னும் கிழங்கு இருக்கா புள்ள?" என்றுதான் கேட்டார்.