சிவப்புக் கோட்டுக்குக் கட்டம் இல்லை

டைப்பிங் தெரியும் என்று மட்டும் எந்த ஆபீஸிலும் வாயைத் திறக்காதீர்கள். அங்கே உள்ள பழைய காகிதம் முழுக்க உங்கள் மேசையில் வந்து விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது. எண்பதுகளின் நடுவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எலும்பு வரை இறங்குகிற ஏர்கான். என்னைப் போல நாள் முழுக்கக் கட்டம் நிரப்பிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் இருந்தால், படித்து ஆறுதல் அடையுங்கள்.

குடும்பப் பெயர்

திரையில் ஆளுக்கு ஒரு படிவம். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவிடாது, அவ்வளவு அடம். சீனருக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு ஏது? அப்பா பெயர்தான். சூப்பர்வைசர் மிஸ்டர் டானிடம் கேட்டேன். அட்டையில் இருப்பதை டைப் பண்ணு, யோசிப்பது உன் வேலை இல்லை என்றார். சரிதான் என்று அப்பாமார் பெயர்களை எல்லாம் அதில் போட்டுத் தள்ளினேன்.

புது முறை கவுண்டருக்கு வந்த முதல் நாள், மிஸ்டர் முத்துசாமி, மிஸ்டர் முத்துசாமி என்று மைக்கில் நாலு தடவை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. கிளமெண்டியிலிருந்து நெஞ்சு வலியோடு வந்த ஒருவர் சுவரோரம் வேர்த்து ஊற்ற உட்கார்ந்தே இருந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. போய் விசாரித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“முத்துசாமி எங்கப்பா, அவரு போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு, இப்ப நெஞ்சு வலிக்கிறது எனக்கு லா.”

பாக்கியத்தின் கேள்வி

பாக்கியம் ரிஜிஸ்ட்ரி கிளார்க். என் வயதுதான். அட்டை அலமாரிகள் அவள் ராஜ்ஜியம். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏற்றி முடித்த அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கிராஞ்சிப் பக்கம் கொண்டுபோய் எரித்துவிட ஏற்பாடு. முதல் லோடு முந்தின வாரமே போய்விட்டது. இரண்டாவது லோடுக்கு லாரி வந்து நின்ற காலையில், அவள் ஓர் அட்டையோடு என் மேசைக்கு வந்தாள். அட்டையின் வலது மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு சாய்வுக் கோடு. இதை எங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

அந்த மாதிரிக் கோடுகளை நிறைய அட்டையில் பார்த்திருக்கிறேன். யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததாக நினைத்து விட்டுவிட்டேன். பாக்கியம் சொல்லித்தான் தெரியும், பென்சிலின் ஊசி ஆகாதவர்களுக்குப் போடுகிற கோடாம் அது. அவர்களுக்கு அந்த ஊசி போட்டால் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். மூலையைப் பார்த்தாலே நர்சுகளுக்குப் புரியும் என்பதால் அட்டைக்குள்ளே ஒரு வார்த்தைகூட யாரும் எழுதி வைத்ததில்லை. டைப்பிஸ்டுகள் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் ஏற்றியிருந்தோம். கோட்டை ஒருத்தரும் ஏற்றவில்லை. பாக்கியம் குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா உனக்கு வாய் வலிச்சிருக்குமா?”

ஊசி அறை

டானிடம் ஓடினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, சேர்க்க ஆள் வருவதற்கே இரண்டு வாரம் ஆகும் என்றார். சொல்லும்போது அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. திரும்பி வந்தால், பாக்கியம் கட்டுகளைப் பிரித்துக் கோடு போட்ட அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது அட்டையில் பெயர் தெரேசா, வீடு ஈசூன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் முன் பெஞ்சில் உட்காருகிற தெரேசா அக்கா. அன்று காலையில்தான் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்து நொண்டிக்கொண்டு வந்திருந்தார். கவுண்டருக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்ததே நான்தான். உங்கள் கதை முழுக்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது அக்கா, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று பெருமை வேறு அடித்திருந்தேன்.

சீழுக்குப் போடுவதே பென்சிலின் ஊசிதான். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். லிப்டுக்கு நிற்கவில்லை. ஊசி அறைக் கதவைத் தள்ளியபோது நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றி, அதை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். போடாதே என்று கத்தினேனாம், எனக்கு ஞாபகம் இல்லை. அவள் திரையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லைதான்; ஏற்றியவள் நானாயிற்றே. அட்டையை நீட்டினேன். மூலையைப் பார்த்ததும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று தெரேசா அக்காமேல் எரிந்து விழுந்தேன், வெட்கம் கெட்டவள் நான்.

“நீதானேம்மா ஒண்ணும் சொல்ல வேணாம்னே, அப்புறம் நான் எதுக்கு வாயத் திறக்கணும்?”

பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினோம். பாக்கியம் ஒவ்வொரு அட்டையாக மூலையைப் பார்க்க, நான் திரையில் அவர்கள் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டேன். அகர வரிசையில் பட்டியல் எடுத்தால் நட்சத்திரக்காரர்கள் எல்லாம் உச்சியில் வந்து நின்றார்கள். கட்டம் வருகிற வரைக்கும் அதுதான் ஓடியது. இந்த யோசனை பாக்கியத்தினுடையது, டான் தன்னுடையது என்று மேலே எழுதி அனுப்பினார்.

முதல் லோடு? போன் போட்டுக் கேட்டோம். எரித்துவிட்டார்கள். அதில் கோடு இருந்தவர்கள் யார் யார் என்று பாக்கியம் மண்டையைக் குடைந்து பன்னிரண்டு பெயர்கள் சொன்னாள். மற்றவர்கள் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. அவர்களாக வந்தால்தான் உண்டு. ஆகவே என்னைக் கவுண்டரில் போட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று வாயால் கேட்பது என் வேலை. வேலையை விடுகிற வரைக்கும் கேட்டேன். முதல் லோடில் அட்டை எரிந்தவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நினைக்கவே எனக்குப் பயம். ஒரு பெரியவர் மட்டும் பொறுமை இழந்து சொல்லிவிட்டுப் போனார்:

“இவ்ளோ பெரிய மெஷின வச்சுக்கிட்டு எங்கிட்டயே கேட்டா, அது எதுக்கும்மா, டிவி பார்க்கவா?”

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின் மாறி எத்தனையோ திரை பார்த்தாயிற்று, எதிரே இருக்கிற மனுஷர் வாயைத் திறக்கிற வரைக்கும் என் விரல் எண்டரைத் தட்டுவதில்லை.